காவலே பகையாகும்போது: மகப்பேறும் சரீரத்தின் நோய்த் தடுப்புச் சக்தியும்

கலியாணமாகி மூன்று நான்கு வருஷங்கள் சென்றும் ஒரு வீட்டில் தொட்டில் கட்டப்படாவிடில், நம் ஜனங்கள் என்னென்ன செய்வார்கள் என்பதை நேயர்கள் நன்கு அறிவார்கள். முதலில் ஜாதகங்கள் புரட்டப்படும். பிறகு அரசமரப் பிரதக்ஷிணமும், நாகப் பிரதிஷ்டையும், இராமேசுவர யாத்திரையும் நடைபெறும். இவற்றிலெல்லாம் விரதமிருப்பவளும் பட்டினி கிடப்பவளும் ஸ்திரீயே. அப்பால் வைத்தியரிடம் சென்றாலும் முதலில் பரிசோதனைக்கு உட்படுகிறவள் அவளே. 'மலடி' என்ற சொல் நமது பாஷையில் கொடிய வசையாக வழங்குகிறது. 'மலடன்' என்ற சொல்லோ அகராதியில் இருக்கிறதேயன்றித் திண்ணைப் பேச்சில் கேட்பதற்கு அரிது. இருதார மணத்தை 1955-ம் வருஷத்துச் சட்டம் ஹிந்துக்களிடையே தடுத்துவிட்டது உண்மையே. ஆயினும் ஏச்சையும் பேச்சையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இந்த வழக்கம் தர்மத்துக்கு விரோதமானது என்பது ஒருபுறமிருக்க, சாஸ்திர உண்மைக்கும் விரோதமானது என்பதையே இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் ஆயுளில் ஏதேனும் ஒரு காலத்தில் மகப்பேறின்மையால் வருந்துகிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்டது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் புருஷனுடைய குறையும், தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, காரணமாயிருக்கிறது. அக்குறைகள் பலவகைப்பட்டவை. அவற்றுள் ஒன்று மிக விசித்திரமானது. நோய்களினின்று நம்மைக் காக்கும் பொருட்டுச் சரீரம் வைத்திருக்கும் காவற்படையே, சந்ததிக்கு மூலமான விந்தணுக்களை அந்நியரென்று எண்ணித் தாக்கும் நிலை அது.

உள்ளூரில் பிறந்த அந்நியன்

சரீரத்தின் நோய்த் தடுப்புச் சக்தி செய்யும் முதற்காரியம், தன்னுடையது எது, பிறருடையது எது என்று பிரித்தறிவதே. இந்த விவேகம் பெரும்பாலும் கருவிலும் இளங்குழந்தைப் பருவத்திலும் அமைந்துவிடுகிறது. அக்காலத்தில் சரீரத்தில் இருந்த பொருள்களைக் காவற்படை தன்னுடையவை என்று ஏற்றுக்கொள்கிறது. அவற்றைத் தாக்கக்கூடிய வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. எஞ்சியவை அடக்கி வைக்கப்படுகின்றன.

விந்தணுக்களோ அப்பொழுது பிறக்கவே இல்லை. பையன் பருவமடைந்த பிறகே அவை தோன்றத் தொடங்குகின்றன. அவற்றின் மேற்பரப்பில் சரீரத்தின் வேறெந்த அணுவிலும் இல்லாத புரதங்கள் பல இருக்கின்றன. ஆகவே, பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஊரைக் காத்து வந்த காவற்காரனுக்கு, அவ்வூரிலேயே புதிதாகப் பிறந்த இவர்கள் முன்பின் அறியாத அந்நியராகவே தோன்ற வேண்டும்.

இந்த அபாயத்துக்கு இயற்கை ஒரு பரிகாரம் செய்திருக்கிறது. என்ரிக்கோ செர்தோலி என்ற இத்தாலிய வாலிபர் 1865-ல், விதைகளுக்குள்ளே விந்தணுக்களைத் தாய்போல் தாங்கி நிற்கும் ஒருவகை அணுக்களைக் கண்டு வர்ணித்தார். இந்த அணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரு மதிலாக அமைகின்றன. முதிரும் விந்தணுக்கள் மதிலுக்கு உட்புறத்திலும், இரத்தத்தில் சஞ்சரிக்கும் காவலர்கள் வெளிப்புறத்திலும் இருக்கின்றனர். மதில் மட்டுமன்று, விதைகளிலுள்ள அணுக்கள் காவலரைச் சாந்தப்படுத்தும் இரசாயனப் பொருள்களையும் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஒரு விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் செல்லும். இத்தனை காலமும் அது இவ்வாறு மறைத்தே வளர்க்கப்படுகிறது.

மதில் உடைந்தால்

இம்மதிலோ, விந்து செல்லும் குழாயோ உடையுமானால் விபரீதம் நேரக்கூடும். பலத்த அடி, விதை முறுக்கிக்கொள்ளுதல், கிருமிகளால் வரும் வீக்கம், சிறு வயதில் குடலிறக்கத்துக்குச் செய்த சஸ்திர சிகிச்சையில் குழாய்க்கு நேர்ந்த ஊறு ஆகியவை முக்கிய காரணங்கள். கருத்தடைக்காகக் குழாயை அறுத்துக் கட்டும் சிகிச்சையும் இவற்றோடு சேரும். அச்சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில், விந்தணுக்களுக்கு விரோதமான எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. இதைக் கேட்டு அச்சிகிச்சை செய்துகொண்டோர் அஞ்ச வேண்டுவதில்லை. 1970-களின் இறுதியில் குரங்குகளிடம் செய்த சோதனைகளைக் கொண்டு, அவர்களுக்கு இருதய வியாதி வருமோ என்று சிலர் சந்தேகித்தனர். பின்னர் ஆயிரக்கணக்கான மனிதரை ஆராய்ந்ததில் அச்சந்தேகம் நிலைக்கவில்லை. ஆனால் அறுத்த குழாயை மீண்டும் இணைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, குழாய் செவ்வையாக இணைந்தும் கரு உண்டாகாமற் போவதற்குக் கூறப்படும் காரணங்களுள் இவ்வெதிர்ப்பொருள்களும் ஒன்று.

இவ்விஷயத்தின் சரித்திரம் நூற்றிருபது வருஷங்களுக்கு மேற்பட்டது. இரத்த வகைகளைக் கண்டுபிடித்துப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனரும், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிகாவும் 1899-ல், விந்தணுக்களைப் பிராணிகளின் உடலில் செலுத்தினால் அவற்றுக்கு எதிரான பொருள்கள் உண்டாவதைக் காட்டினார்கள். அடுத்த வருஷமே மெட்டால்னிகாவ் என்பவர், ஒரு சீமைப்பெருச்சாளி தன் இனத்தின் விந்தணுக்களுக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கும் என்று நிரூபித்தார். மனிதரிடத்தில் இது மெய்யாகவே நிகழ்கிறது என்பது 1954-ல் வெளிப்பட்டது. ஹாலந்து தேசத்தில் ரூம்கேயும், அமெரிக்காவில் வில்ஸனும், ஒருவர் வேலையை மற்றவர் அறியாமலே, சந்தானமில்லாத சில புருஷர்களின் இரத்தத்தில் அவர்களுடைய விந்தணுக்களை ஒட்டித் திரளச் செய்யும் எதிர்ப்பொருள்களைக் கண்டனர்.

எதிர்ப்பொருள் செய்யும் கேடு

எதிர்ப்பொருள்கள் என்பவை 'இம்யூனோகுளோபுலின்' என்ற புரத வகையைச் சேர்ந்தவை. ஆங்கில எழுத்துக்களால் குறிக்கப்படும் அவற்றின் பிரிவுகளில், இரத்தத்தினின்று கசிந்து வரும் 'ஜி' வகையும், சுரப்பிகளின் அருகிலேயே உண்டாகும் 'ஏ' வகையும் விந்தில் காணப்படுகின்றன. இவை ஒட்டிக்கொள்ளும் இடத்தைப் பொறுத்துத் தீங்கு மாறுபடும். வாலில் ஒட்டினால் ஓட்டம் குன்றும். சிலவேளைகளில் விந்தணுக்கள் கூட்டங்கூட்டமாகப் பிணைந்து, வலையில் அகப்பட்ட மீன்கள்போல் துடிக்கும். கர்ப்பப்பையின் வாயிலிலுள்ள சளியைக் கடக்க வேண்டிய தருணத்தில் முன்னேறாமல், நின்ற இடத்திலேயே நடுங்குவதும் உண்டு. தலையில் ஒட்டினாலோ, விந்தணு முட்டையை அடைந்தும் அதன் உறையைப் பற்றவும் துளைக்கவும் இயலாது போகும்.

ஆயினும் இதை மிகைப்படுத்தலாகாது. எதிர்ப்பொருள் உள்ளவர் யாவரும் சந்தானமற்றவர் அல்லர். சில விந்தணுக்களில் மட்டும் ஒட்டியிருப்பின் மற்றவை தம் வேலையைச் செய்துகொண்டு போகும். ஓடும் விந்தணுக்களில் பாதிக்கு மேல் இவை படிந்திருக்குமானால்தான் வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்துகிறார்கள். மகப்பேறின்மைக்கு இது பல காரணங்களுள் ஒன்று, அவற்றுள்ளும் சிறுபான்மையானது.

விருந்தோம்பும் உடல்

ஸ்திரீயின் உடலைப் பற்றி நினைக்கும்போது ஆச்சரியம் இன்னும் பெரிதாகிறது. அந்நியருடைய தோலையோ மூத்திரக்காயையோ ஒருவர் உடலில் பொருத்தினால், சரீரம் அதைச் சில நாட்களில் நிராகரித்துவிடும். விந்தணுக்களோ அவளுக்கு முழுதும் அந்நியமானவை. ஒருமுறையில் கோடிக்கணக்காக வருபவை. அப்படியிருந்தும் மிகப் பெரும்பாலான ஸ்திரீகளின் உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை. இதன் இரகசியம் என்ன?

விந்து என்பது அணுக்களைச் சுமந்து வரும் வெறும் நீர் அன்று. அது ஒரு தூதோலையும் ஆகும். ஸ்வீடன் தேசத்து உல்ஃப் வான் ஆய்லர் 1930-களில் விந்திலே கண்டு 'ப்ராஸ்டக்லாண்டின்' என்று பெயரிட்ட பொருள் காவலரின் வேகத்தைத் தணிக்க வல்லது. 'டி.ஜி.எப். பீட்டா' என்ற மற்றொரு புரதம் விந்தில் மிகுதியாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸாரா ராபர்ட்ஸன் என்ற மாதும் அவருடைய கூட்டத்தாரும் பல வருஷம் ஆராய்ந்து, இப்புரதம் ஸ்திரீயின் உடலில் பொறுமை காக்கும் ஒருவகை வெள்ளை அணுக்களைப் பெருகச் செய்கிறது என்று எலிகளிடம் காட்டியிருக்கிறார்கள். பிறகு வரப்போகும் கருவும் பாதியளவில் தந்தையின் அம்சமாதலால், அதை ஏற்றுக்கொள்ளத் தாயின் உடல் முன்னதாகவே பயிற்றப்படுகிறது என்பது அவர்கள் கொள்கை.

சிலரிடத்தில் இந்த உபசாரம் தவறிவிடுகிறது. ஜப்பானில் இஸோஜிமா என்ற வைத்தியர், காரணம் தெரியாமல் கருத்தரியாதிருந்த சில ஸ்திரீகளின் இரத்தம் விந்தணுக்களை அசைவற்று நிற்கச் செய்வதைக் கண்டு, அதை அளப்பதற்கு 1968-ல் ஒரு முறையை வகுத்தார். இத்தகைய ஸ்திரீகளின் மற்ற அங்கங்களில் யாதொரு குறையும் இராது. அவர்களை 'மலடி' என்று வைவதில் என்ன நியாயம் இருக்கிறது?

சண்டையில் சிதறும் தணல்

எதிர்ப்பொருள்களைத் தவிர, காவற்படை தனக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் 'ஸைடோகைன்' என்ற சிறு புரதங்களும் உண்டு. இவை சிறு அளவில் விதைகளிலும் இருந்து, விந்தணு உற்பத்தியை ஒழுங்குபடுத்தத் துணை செய்கின்றன. அளவு மீறினால் அவையே விஷம். விந்துப் பாதையில் கிருமி புகுந்தால், வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து இவற்றை வாரியிறைக்கும். அத்துடன் பிராணவாயுவினின்று பிறக்கும் உக்கிரமான பொருள்களையும் வீசும். ஒரு மில்லி லிட்டர் விந்தில் பத்து லட்சத்துக்கு மேல் வெள்ளை அணுக்கள் இருப்பின் வைத்தியர்கள் அதை எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள்.

பிராணவாயுவே விந்தணுவுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை மக்லியாட் என்பவர் 1943-லேயே காட்டினார். விந்தணுவின் தோல் எளிதில் கெடும் கொழுப்பினால் ஆனது. கேட்டைத் தடுக்கும் பொருள்களை வைத்துக்கொள்ள அதன் சிற்றுடலில் இடமில்லை. எனவே கிருமிகளைக் கொல்ல வீசிய தணல் அதன் மேலும் விழுந்து, ஓட்டத்தைக் கெடுப்பதோடு, அது சுமக்கும் வம்சச் செய்தியையும் அறுத்துவிடுகிறது. புகையிலை இத்தீங்கை வளர்க்கும். வெட்டை முதலிய மேகவியாதிகளும், நம் நாட்டில் இன்னும் ஒழியாத க்ஷயரோகம் விந்துப் பைகளைப் பற்றுவதும், காலத்தில் சிகிச்சை செய்யாவிடில் இதில் கொண்டுபோய் விடும்.

காவலரின் குலத்தில் பிறந்த துணைவர்

நோய்த் தடுப்புச் சக்தியைச் சந்ததிக்குச் சத்துரு என்று மட்டும் எண்ணிவிட்டால் அது பாதி உண்மையே. கிருமிகளைக் கொல்லும் 'டிஃபென்ஸின்' என்ற புரதக் குலத்தைச் சேர்ந்த ஒன்று விந்தணுவின்மேல் கவசமாகப் படிந்து, கர்ப்பப்பை வாயிலின் சளியை அது கடக்கத் துணைசெய்கிறது. இதற்குரிய வம்ச அணு தந்தை தாய் இருவர் வழியிலும் பழுதுபட்டு வந்த புருஷர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றை, கலிபோர்னியாவிலும் சீனாவிலும் உள்ள விஞ்ஞானிகள் சேர்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். சீனத்தில் புதிதாக மணந்த 509 தம்பதிகளைக் கவனித்து வந்ததில், இப்பழுதுள்ள கணவர்களின் மனைவியர் கருவுறத் தாமதமாயிற்று. விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் அவர்களிடம் குறைவின்றி இருந்தது என்பதே இதில் வியப்பு. சாதாரணச் சோதனையில் 'குறையில்லை' என்று எழுதிக் கொடுத்த காகிதமும் முடிந்த முடிபு அன்று.

இதனினும் அழகியது மற்றொன்று. விந்தணுவும் முட்டையும் கலப்பதற்கு இன்றியமையாத புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-ல் கண்டு, தம் தேசத்தில் விவாக பந்தத்துக்குரிய தேவாலயத்தின் பெயரால் 'இஸுமோ' என்று அழைத்தனர். முட்டையின்மேல் அதைக் கைப்பற்றும் புரதத்தை 2014-ல் இங்கிலாந்தில் கண்டவர்கள், ரோமர்களின் விவாக தேவதையை நினைந்து 'ஜூனோ' என்று பெயரிட்டார்கள். இந்த இஸுமோ எக்குலத்தது? எதிர்ப்பொருள்கள் பிறந்த அதே இம்யூனோகுளோபுலின் குலத்தைச் சேர்ந்ததே! அந்நியனை அடையாளங்கண்டு விலக்கும் குலத்தில் பிறந்த ஒன்றே, இரண்டு உயிரணுக்களை ஒன்றாக்கும் மாலையாகவும் அமைந்திருக்கிறது.

அறிவும் அதிகாரமும்

தற்செயலாய்க் கருவைத் தடுக்கும் எதிர்ப்பொருளை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. அமெரிக்காவில் பாஸ்கின் என்ற வைத்தியர் 1932-லேயே இருபது ஸ்திரீகளுக்கு விந்தையே ஊசிமூலம் செலுத்திப் பார்த்தார். நம் தேசத்தவரும் இத்துறையில் பின்தங்கவில்லை. பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து, விந்தணுவின்மேல் படியும் 'எப்பின்' என்ற புரதத்தை ஆண் குரங்குகளுக்கு ஊசியாகப் போட்டு, பலனை 2004-ல் வெளியிட்டார்கள். ஒன்பதில் ஏழு குரங்குகளுக்கு எதிர்ப்பொருள் மிகுந்தது; அந்த ஏழும் சந்ததி உண்டாக்கும் சக்தியை இழந்தன. ஊசியை நிறுத்தியபின் ஐந்து குரங்குகள் அச்சக்தியை மீளப் பெற்றன. மற்ற இரண்டும் பெறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

டில்லி தேசீய நோயெதிர்ப்பியல் நிலையத்தை நிறுவிய தல்வார், விந்தணுவை விடுத்துக் கருவின் ஆரம்பத்தில் சுரக்கும் பொருளுக்கு எதிராக ஸ்திரீகளுக்கென ஒரு தடுப்பூசி அமைத்தார். 148 ஸ்திரீகளில் 119 பேருக்குப் போதிய எதிர்ப்பொருள் உண்டாயிற்று. அந்நிலையில் கழிந்த 1,224 மாதச் சுழல்களில் ஒரே ஒரு கர்ப்பமே தரித்தது என்று 1994-ல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவிலோ, இஸோஜிமா ஒரு சந்தானமற்ற ஸ்திரீயினிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளைப் பின்பற்றிப் புகையிலையினச் செடியில் அப்பொருளை விளைவித்து, சிறு சவ்வாக உபயோகிக்கும் கருத்தடைச் சாதனமாக்கி, மனிதரிடம் முதற்கட்டச் சோதனையும் செய்திருக்கிறார்கள். ஒருத்தியின் துர்ப்பாக்கியம் மற்றொருத்திக்கு, அவள் விரும்பினால், பாதுகாப்பாகிறது.

'அவள் விரும்பினால்' என்பதே இங்கு முக்கியம். ஊசியை ஏழை ஜனங்களின் சம்மதமின்றியும் போட்டுவிடலாம். போட்ட பிறகு அதன் வேகத்தை அவர்களாகவே நிறுத்தவும் முடியாது. இக்காரணத்தால் 1990-களில் பல தேசத்து மாதர் சங்கங்கள் இத்தகைய தடுப்பூசிகளைக் கண்டித்துக் கிளர்ச்சி செய்தன. அவர்கள் அச்சம் வீணன்று. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-77-ல் நம் தேசத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டது; அதில் எத்தனை ஏழைகள் பலவந்தத்துக்கு உள்ளாயினர் என்பதைத் தேசம் அறியும். ஒருவன் உடலைப் பற்றிய அறிவு, அவன்மேல் அதிகாரம் செலுத்தும் கருவியாக மாற இடங்கொடுக்கலாகாது. அந்த அறிவு முதலில் அவனுக்கே உரியது.

செய்யத்தக்கது

குழந்தையில்லாத புருஷர்கள் செய்யவேண்டுவது யாது? மனைவியை ஊசிக்கும் கத்திக்கும் அனுப்புமுன், அல்லது அவளோடு கூடவே, தாமும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுதல் முதற்கடமை. வலியற்றதும் செலவு குறைந்ததும் ஆன சோதனை அது. ஒருமுறை குறை காணப்பட்டாலும் மனந்தளராமல் சில வாரங்கள் கழித்து மீண்டும் செய்துகொள்ள வேண்டும். கிருமி இருந்தால் ஒழிக்கலாம், புகையிலையை விடலாம். எதிர்ப்பொருள்களை அடக்க முன்பு ஸ்டீராய்டு மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்து வந்தார்கள். பலன் நிச்சயமில்லாமலும், சிலருக்கு இடுப்பெலும்பு கெடும் அளவுக்கு அபாயமாயும் இருந்ததால், இன்று அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. 1992-ல் பிரஸல்ஸ் நகரில் பயன்கண்ட முறைப்படி, ஒரே விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டைக்குள் செலுத்தினால், எதிர்ப்பொருளின் தடையைத் தாண்டிவிடலாம். அதன் செலவு ஏழைகளுக்கு எட்டாதது. 2021-ம் வருஷத்துச் சட்டம் இத்தகைய சிகிச்சை நிலையங்களைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தியது. ஆனால் சிகிச்சையை எளியோர்க்கும் கிட்டச் செய்வது சர்க்காரின் தர்ம ஆஸ்பத்திரிகளால்தான் ஆகும். பொதுஜனத் தலைவர்கள் இதை ஒரு கோரிக்கையாகவே எழுப்ப வேண்டும்.

தாது விருத்தி லேகியமென்றும், வீரிய பஸ்பமென்றும் விளம்பரப்படுத்தப்படும் சரக்குகளில் பணத்தை இழந்தவர் நம்மில் எத்தனையோ பேர். சோதனைச் சாலைக்குப் போக வெட்கப்படுகிறவன் லேகியக் கடைக்குப் போக வெட்கப்படாதது விந்தையே. தன் உடலில் தானறியாமல் நடக்கும் ஒரு கலகம் ஒருவனுடைய ஆண்மைக்கு இழுக்கன்று. அதை அறிய மறுத்து, அதன் பழியை மௌனமாய் நிற்கும் மனைவியின் தலையில் சுமத்துவதே இழுக்கு. பொது மேடைகளில் நியாயம் பேசும் நண்பர்கள், அந்த நியாயத்தைத் தம் வீட்டு முற்றத்திலிருந்தே தொடங்குவார்களாக.